சொல்லும் விலையும்: செய்தி, விளம்பரம், அறம்

அச்சிதழ்களில் செய்தியையும் விளம்பரத்தையும் ஒரு கோடு பிரித்து நின்றது. கட்டத்திற்குள் அமைந்தது விற்பவர் கூற்று. வெளியே அமைந்தது செய்தியாளர் கூற்று. இக்கோட்டை முதலில் அழித்தது இணையம் எனல் பொருந்தாது. 2009 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர் புகழ்ச்சி பணத்திற்காகச் செய்தியாக வெளியிடப்பட்டது குறித்து இந்தியப் பத்திரிகை மன்றம் 2010இல் அறிக்கை அளித்தது. நிறுவனத்திடம் இருந்த இக்குறையைத் தனிமனிதரிடமும் பரவச் செய்ததே சமூக ஊடகத்தின் விளைவு எனலாம். இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் நண்பரைப் போலப் பேசுபவரின் அனுபவமே விளம்பரமாகிறது. இதனால், பணமோ பொருளோ பெற்று இடும் பதிவில் அதனை வெளிப்படையாகக் குறிக்க வேண்டுமென இந்திய விளம்பரத் தரக் குழுமம் 2021இல் நெறிமுறை வகுத்தது.

சொன்னது உண்மையாயின், பெற்றதை மறைத்தல் குற்றமாகுமா? எவரிடம் கேட்பினும் உண்மையை ஆராய்ந்தறிதல் கேட்பவர் கடன் என்பது திருக்குறளின் அறிவுடைமை அதிகாரம் உணர்த்தும் கருத்து. எனவே பொறுப்பு கேட்பவருடையதே என வாதிடுவர். இவ்வாதம் ஏற்புடையதன்று. ஆராய்பவர் சொல்லை மட்டுமன்றிச் சொல்பவர் அடையும் பயனையும் சேர்த்தே எடைபோடுகிறார். அப்பயனை மறைப்பவர் எடைக்கல்லையே மறைக்கிறார். கேட்பவரின் கடன் சொல்பவரின் கடனை நீக்குவதில்லை. அதனை வேண்டி நிற்கிறது.

ஆகவே இங்குப் பறிபோவது பொருளின் விலையன்று, கேட்பவரின் தீர்ப்புரிமை. பொய் சொல்லாமை மட்டும் வாய்மை ஆகாது. எவர் பொருட்டுச் சொல்கிறோம் என்பதை மறையாமையும் வாய்மையே.