நாற்சந்தியும் ஓர் அமானிதமே



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு. அவற்றின் கடைசிப் படி, பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள் (நூல்: முஸ்லிம்). இதைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது முள்ளும் கல்லும் வாழைப்பழத் தோலும்தான். ஆனால் கையால் எடுத்துப் போட முடியாத தொல்லை ஒன்று உண்டு. இரண்டு சாலைகள் சேருகிற இடத்தைத் தவறாக அமைத்துவிட்டால், அந்தத் தவறு ஒவ்வொரு நாளும் அங்கேயே காத்துக் கிடக்கிறது. அதை அகற்றக் கல்வி வேண்டும். அந்தக் கல்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

விதி என்று சொல்லி முடித்துவிடலாமா?

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 17,000-க்கும் மேற்பட்டோர். ஜனாஸாவைத் தூக்கிச் செல்லும்போது, "அவ்வளவுதான் அவருக்கு எழுதியிருந்தது" என்கிறோம். உண்மைதான். கத்ரை நம்புவது ஈமானின் கடமை. ஆனால் கத்ரைச் சாக்காகச் சொல்வது ஈமான் அல்ல.

ஷாமில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் உள்ளே போகாமல் உடன் வந்தவர்களோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள் (நூல்: புகாரி). ஒரே முனையில் மூன்றாவது ஜனாஸா விழுந்த பிறகும் அந்த முனையைச் சரிசெய்யாமல் இருந்தால், நாம் உமர் (ரலி) அவர்களின் வழியில் இல்லை.

சந்தியை அமைப்பது ஒரு கல்வி

சாதாரண நாற்சந்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் வருகிற வண்டிகள் நேராகவும் இடமும் வலமும் போகும். அவற்றின் பாதைகள் வெட்டுகிற, சேருகிற, பிரிகிற இடங்களைப் பொறியாளர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். 32 இடங்கள்! அந்த 32-லும் இரண்டு வண்டிகள் மோத வாய்ப்பு உண்டு. அதே இடத்தில் ஒரு வரிசை ரவுண்டானா அமைத்தால் அது 8 ஆகக் குறைகிறது. வளைந்து நுழைய வேண்டியிருப்பதால் வேகமும் தானாகக் குறைகிறது. அமெரிக்காவில் இப்படி மாற்றப்பட்ட சந்திகளை ஆராய்ந்தபோது, காயம் ஏற்படுத்தும் விபத்துகள் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்திருந்தன.

ரவுண்டானா கட்டினால் மட்டும் போதாது. யார் யாருக்கு வழிவிடுவது என்பது தெளிவாக இல்லாததால் பிரிட்டனில் ரவுண்டானாக்கள் நெரிசலில் அடைத்து நின்றன. 1966-இல் ஒரு விதி வந்தது: உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிற வண்டிக்கே முதல் உரிமை, நுழைகிறவர் காத்திருக்க வேண்டும். அடைப்பு விலகியது. பாதுகாப்பும் விரைவும் எதிரிகள் அல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

இன்னொரு கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடந்துவிடுகிறார். ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க 2.5 விநாடி என்று வடிவமைப்பில் கணக்கிடுகிறார்கள். அதற்குள் 35 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் தனி. அதனால்தான் சந்தியின் முனையில் சுவரோ கடையோ விளம்பரப் பலகையோ பார்வையை மறைக்கக் கூடாது.

நடந்து போகிறவருக்கும் கணக்கு உண்டு. விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்தால், 15 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 12 விநாடிக்கு மேல் ஆகும். கைத்தடியோடு பள்ளிக்கு வருகிற நம் பெரியவருக்கு? அவரை நினைத்துப் பச்சை விளக்கின் நேரத்தை வைக்கிறவர், அவருடைய உயிரைக் காக்கிறார்.

தெரியாமல் செய்தவர் பொறுப்பாளி

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்பது நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு (நூல்: அபூதாவூத்). பொதுப் பாதையில் உரிமையின்றிக் குழி தோண்டி, அதில் ஒருவர் விழுந்தால், தோண்டியவர் மீது ளமான், அதாவது ஈட்டுக் கடமை உண்டு என்று ஃபிக்ஹ் நூல்கள் பேசுகின்றன. "நான் தள்ளிவிடவில்லையே" என்று அவர் தப்ப முடியாது.

நம் நாட்டுச் சட்டமும் இப்போது அதைத் தொட்டிருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவின்படி, சாலையை வடிவமைத்தவரோ கட்டியவரோ பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றத் தவறி, அதனால் உயிரிழப்போ உடல் ஊனமோ நேர்ந்தால், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். துன்யாவின் கணக்கு ஒரு லட்சத்தோடு முடியும். ஆகிரத்தின் கணக்கு?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவத்தையும் கணிதத்தையும் பர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். சமூகத்தில் சிலராவது கற்றாக வேண்டும்; ஒருவரும் கற்காவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். உயிர் காக்கும் இந்தச் சாலைக் கல்வியும் அந்த வரிசையில் சேரத் தகுதியானதே.

சிவில் இன்ஜினியரிங் படிக்கிற இளைஞர்களே! பட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சந்தி வடிவமைப்பையும் சாலைப் பாதுகாப்புத் தணிக்கையையும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். வரைந்தவர் அல்லாத வேறொரு குழு, கட்டுவதற்கு முன்பே வரைபடத்தில் ஆபத்தைத் தேடுவதுதான் அந்தத் தணிக்கை. கணக்குக் கேட்கப்படும் முன் நாமே கணக்குப் பார்த்துக்கொள்வது நம் மார்க்கம் சொல்லித் தந்த பழக்கம் அல்லவா? பாதைக்குக் குறுக்கே இருந்த மரக்கிளையை அகற்றியவருக்கே மன்னிப்புக் கிடைத்தது. நீங்கள் சரியாக வரைகிற ஒரு கோடு எத்தனை ஆண்டுகள், எத்தனை பேரைக் காக்கும் என்று யோசியுங்கள்.

நம் பள்ளிவாசல் முனையில்

கடைசியாக, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. ஜும்ஆவுக்குத் தாமதமாகி ஓடி வருகிறோம். டூ வீலரைத் தெரு முனையிலேயே நிறுத்துகிறோம். "பத்து நிமிஷம்தானே" என்கிறோம். பொறியாளர் கணக்குப் பார்த்துத் திறந்து வைத்த பார்வையை நம் வண்டி அடைத்துவிடுகிறது. அந்த வண்டிகளுக்கு நடுவிலிருந்து சைக்கிளில் வருகிற பிள்ளையை லாரிக்காரர் பார்க்க முடியாது. உள்ளே நாம் ஸஃப்பை நேராக்குகிறோம். வெளியே நாமே பாதையின் தொல்லையாகிவிடுகிறோம்.

பாதையில் உட்காருகிறவர்கள் பாதையின் உரிமையைக் கொடுக்க வேண்டும், அதில் ஒன்று பிறருக்குத் தொல்லை தராமல் இருப்பது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்தார்கள் (நூல்: புகாரி). அடுத்த வெள்ளி பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். முனையை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் வண்டிகளை ஒழுங்குபடுத்த இரண்டு இளைஞர்களை நியமியுங்கள். உங்கள் பகுதியில் திரும்பத் திரும்ப விபத்து நடக்கிற சந்தி இருந்தால், மற்றச் சமயத்து அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு மனு கொடுங்கள். சாலையில் போகிற எல்லோருக்கும் அது நன்மை. உங்களுக்கு அது ஸதகா.

பாதையின் உரிமையை அறிந்து நடக்கிற, கற்ற கல்வியால் உயிர்களைக் காக்கிற நன்மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! விபத்துகளில் நம்மைப் பிரிந்தவர்களுக்கு மஃபிரத்தையும், அவர்களின் குடும்பத்தாருக்கு ஸப்ரையும் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.