புரிந்திருந்தானா?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் முதுகலை படிக்கும் என் அக்கா மகள், இளைஞர் நீதியை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்லித்தான் 2015ஆம் வருடச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படித்தேன். 16 நிறைந்து 18 நிறையாத ஒருவன்மீது, குறைந்தது 7 வருடச் சிறைக்குரிய கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், இளைஞர் நீதிக் குழுமம் முதலில் ஒரு மதிப்பீடு செய்ய வேண்டும். விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறன் அவனுக்கு இருந்ததா என்பது அதில் ஒரு கேள்வி. பதிலைப் பொறுத்து அவன் வயது வந்தவனாக விசாரிக்கப்படலாம்.

நான் வேலை பார்க்கும் வங்கியில், 17 வயதுப் பையன் குறுவைக் கடன் பத்திரத்தில் போடும் கையெழுத்து அவனைக் கட்டுப்படுத்தாது. 1903இல் மோஹரி பீபி வழக்கில் ப்ரிவி கவுன்சில் தீர்த்துவைத்த விஷயம் இது. அங்கே அவன் புத்தியை யாரும் அளப்பதில்லை; வயதே போதும். கொலை தவறென்று தெரிய 18 வயது வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம்தான். ஆனால் தவறென்று அறிவது வேறு. அந்த அறிவு அந்தக் கணத்தில் கையைப் பிடித்து நிறுத்துவது வேறு. பிள்ளைப்பருவம் தோற்பது இரண்டாவதில்.

திருவாரூரில் மனுநீதிச் சோழனின் கல்தேர் இருக்கிறது. மணியடித்த பசுவின் துக்கம் பொய்யல்ல; அதற்குப் பதில் சொல்லாத நீதி நீதியாகாது. ஆனால் பெரியபுராணத்தில் இளவரசனைக் கொல்லப் பணிக்கப்பட்ட மந்திரி, அதைச் செய்ய மனமின்றித் தன்னையே மாய்த்துக்கொள்கிறான். நாம் அரசனுக்குத்தான் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலை வைத்தோம். மாகாணங்கள் இயற்றிய சிறார் சட்டங்களில் முதலாவது, 1920இல் சென்னை மாகாணத்தில் வந்தது. மந்திரியின் தயக்கத்துக்கு அரசாங்கம் தந்த உருவம் என்று அதைச் சொல்வேன்.

குழுமத்தில் குழந்தை உளவியல் பயின்றவர் இல்லையென்றால் உளவியலாளரின் உதவி கட்டாயம் என்று 2022இல் உச்சநீதிமன்றம் சொன்னது. நல்லதே. ஆனால் உளவியலாளர் எதிரில் உட்காருபவன், இடையில் போலீஸையும் கூர்நோக்கு இல்லத்தையும் பார்த்துவிட்ட பையன். அன்றைய மனம் அங்கே இல்லை. பிரதியிலிருந்து எழுதியவனின் மனத்தைத் தேடும் விமர்சகனுக்கு இந்த இக்கட்டு பழக்கமானது. அவன் தப்பாகச் சொன்னால் யாரும் சிறைக்குப் போவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

அக்கா மகளின் படிப்பு அவளுக்கு நல்ல கருவிகளைத் தரட்டும். அவை எட்டாத இடத்தில் 'தெரியவில்லை' என்று அறிக்கையில் எழுதவும், அந்தச் சந்தேகத்தைப் பையன் பக்கம் சேர்க்கவும் அது கற்றுத்தர வேண்டும். இதைக் கற்காதவர்கள் கையில் 15ஆம் பிரிவு இன்னொரு தேர்க்கால்தான்.