இரண்டு வாசல்

ஸாம்பியா நாட்டில் வின்ஸ்டன் ஸூலு என்று ஒரு மனிதர் இருந்தார். சிறு வயதிலேயே இளம்பிள்ளைவாதம் கண்டவர். 1990-ல், "எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது" என்று அந்த நாட்டில் முதன்முதலாக ஊரறியச் சொன்னவர் அவர்தாம். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்வதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டியிருந்தது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. பின்னால் அவருக்குக் காசநோயும் வந்தது. மருந்து கிடைத்தது, பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருடன் பிறந்த சகோதரர்கள் நால்வர் அதே காசநோயால் ஒருவர்பின் ஒருவராகச் செத்துப் போனார்கள். தீராத நோயைச் சுமந்தவர் 2011 வரைக்கும் வாழ்ந்தார். ஆறு மாத மருந்தில் தீர்ந்து போகிற நோய் நான்கு பேரைக் கொண்டு போய்விட்டது.

இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. என் நாவல்களை விரும்பிப் படிக்கும் நண்பர் ஒருவரிடம் அதைப் பற்றிச் சொன்னேன். "ஸார், இதெல்லாம் டாக்டர்களும் சர்க்காரும் கவலைப்பட வேண்டிய சமாசாரம். கதை எழுதுகிற உங்களுக்கு இதில் என்ன வேலை?" என்றார் அவர்.

வேலை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். எல்லாரும் அவரவர் கடமையைச் சரியாகச் செய்கிறார்கள். ஆனாலும் நடுவிலே ஒரு உயிர் போய்விடுகிறது. அந்தப் பாவம் யாரைச் சேரும்? கதை எழுதுகிறவன் கேட்க வேண்டிய கேள்வி இதைவிட வேறு என்ன இருக்க முடியும்?

கதாசிரியனுக்குள்ள உரிமையோடு ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்கிறேன். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரத்துக்கு வெளியே கயெலிச்சா என்று ஒரு பெரிய குடியிருப்பு இருக்கிறது. அந்த மக்களின் கோஸா மொழியில் 'புதிய வீடு' என்று பொருள். தகரமும் பலகையுமாகக் கட்டிய குடிசைகளே அங்கு அதிகம். அதில் ஒன்றில் இருக்கிறாள் இவள். நகரத்தில் யாரோ ஒருவர் வீட்டில் பாத்திரம் துலக்கித் துணி துவைக்கிறாள். காலம் 2002 வாக்கில் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரமாக இருமல். இரவில் வேர்த்துக் கொட்டுகிறது. பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது.

ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் காசநோய்ப் பிரிவின் வரிசையில் போய் நிற்கிறாள். சளியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறார்கள். கிருமி தென்படவில்லை. 'இல்லை' என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். எழுதிய நர்ஸ் பொய் எழுதவில்லை. எச்.ஐ.வி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிட்டால், நுரையீரலில் குழி விழுவது குறைந்து, சளியில் கிருமிகளின் எண்ணிக்கையும் குறைந்துவிடுகிறது. நோய் கூடக் கூட, அது கண்ணுக்குத் தெரிவது குறைகிறது! அப்புறம் வேறொரு நாள், வேறொரு கட்டடம், வேறொரு சீட்டு. அங்கே எச்.ஐ.வி.யைப் பற்றி விசாரிக்கிறார்கள், அன்பாகவே பேசுகிறார்கள். இருமலைப் பற்றி மட்டும் கேட்பாரில்லை. அது அடுத்த வாசல்காரர்கள் வேலையல்லவா? மூன்றாவது நாள் கூலியையும் இழக்க அவளுக்குத் துணிவில்லை. வீட்டிலேயே கிடக்கிறாள். ஒரு மாதத்தில் முடிந்துவிடுகிறது. காசநோய்ப் பதிவேட்டில் அவள் பெயரே இல்லை, நோய் நிரூபணமாகவில்லை. எச்.ஐ.வி. பதிவேட்டில் 'மறுபடி வரவில்லை' என்று ஒரு வரி. இரண்டு பதிவேடுகளிலும் பிழை கிடையாது.

கோவலனைக் கொன்ற பழியைப் பொற்கொல்லன் மேலோ காவலன் மேலோ போட்டுவிட்டுப் பாண்டியன் அரியணையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். அவன் அப்படிச் செய்யாததனால்தான் இன்றைக்கும் அவனை நினைக்கிறோம். இந்தப் பெண்ணின் சாவுக்கோ, 'என் பிழை' என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவரவர் மேஜையின் விளிம்போடு அவரவர் தருமம் முடிந்துவிடுகிறது. ஸ்வதர்மம், ஸ்வதர்மம் என்று நாம் பெருமையாகப் பேசுகிறோமே, அதற்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நோய்களோ, நாம் போட்ட தடுப்புச் சுவரை மதிப்பதில்லை. உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் உடம்பில் காசநோய்க் கிருமி நுழைந்திருக்கிறது. பெரும்பாலோரிடம் அது ஆயுள் முழுவதும் உறங்கிக் கிடக்கும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் என்றாவது ஒருநாள் நோயாக எழும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு, அதற்கு வைத்தியமும் செய்யாமல் விட்டால், வாழ்நாள் முழுவதற்கும் உரிய அந்த அபாயம் ஓர் ஆண்டுக்குள்ளேயே வந்து நிற்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகமாகக் கொல்வது காசநோய்தான். 2023-ஆம் ஆண்டில் காசநோயால் இறந்தவர்கள் பன்னிரண்டரை லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதில் 1,61,000 பேர் எச்.ஐ.வி.யும் உள்ளவர்கள். அவர்களில் பெரும்பகுதி ஆப்பிரிக்க மக்கள்.

மருந்துகளும் ஒன்றையொன்று சும்மா விடுவதில்லை. காசநோய்க்கு உயிர்நாடியான மருந்து ரிபாம்பிஸின். அது ஈரலை முடுக்கிவிட்டு, எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் பல மருந்துகளை வேகமாக அழித்துவிடும். முன்பு கொடுத்துவந்த நெவிரபின் அப்படித்தான் வீரியம் குறைந்தது. இப்போது பரவலாக வழங்கும் டோலுடெக்ராவிரையும் ரிபாம்பிஸினோடு கொடுத்தால், ஒருவேளைக்குப் பதில் இரண்டு வேளையாகத் தர வேண்டும். ஓர் அறையில் எழுதியது அடுத்த அறைக்குத் தெரியாவிட்டால், இரண்டு டாக்டர்களும் சேர்ந்து, தெரியாமலே, நோயாளியை ஏமாற்றுகிறார்கள். நம் வீடுகளில் சர்க்கரைக்கு ஒரு டாக்டர், சிறுநீரகத்துக்கு ஒரு டாக்டர் என்று இரண்டு பைல்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். ஆனால் நமக்கு ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசு இருந்தது.

சரி, இந்தச் சுவர் எப்படி வந்தது? யாரும் கெட்ட எண்ணத்தோடு கட்டியதல்ல. இரண்டு வைத்தியங்களும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மனப்பான்மையில் பிறந்தவை. காசநோய் வைத்தியம் மூத்தது. அதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளியை ஸானடோரியத்தில் படுக்க வைக்காமல், நெருக்கடியான வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் குணமாகும் என்று 1959-ல் காட்டியது. வீட்டிலிருந்தபடியே வைத்தியம் என்ற வழி ஏழை நாடுகளுக்கெல்லாம் திறந்தது. ஆனால் வீட்டில் இருப்பவன் மருந்தை ஒழுங்காக விழுங்குகிறானா? அந்தச் சந்தேகத்திலிருந்து, எதிரிலே நின்று விழுங்க வைக்கும் முறை வந்தது. டான்ஸானியாவில் 1970-களின் கடைசியிலிருந்து கரேல் ஸ்டிப்லோ என்ற டாக்டர் இதை ஒரு தேசிய ஏற்பாடாகவே நடத்திக் காட்டினார். பதிவேடு, கணக்கு, கண்காணிப்பு: இவை அந்த வைத்தியத்தின் பலம். லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த பலம் அது.

எச்.ஐ.வி. வைத்தியம் போராட்டத்தில் பிறந்தது. நோயாளிகளே தெருவில் இறங்கி, கோர்ட்டுக்குப் போய் வாங்கிய வைத்தியம். அங்கே நோயாளியின் சம்மதம் இல்லாமல் ரத்தம் எடுக்கக் கூடாது. ரகசியம் வெளியே போகக் கூடாது. மருந்தின் பெயரும் வேலையும் அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவன் தானே விழுங்குவான் என்பது அவர்கள் நம்பிக்கை. காசநோய்க்காரர்கள் 'நீ விழுங்குவதை நான் பார்க்க வேண்டும்' என்றார்கள். எச்.ஐ.வி.க்காரர்கள் 'உன் உயிர் உன் பொறுப்பு. நாங்கள் துணை' என்றார்கள். ஒரே மனுஷி காலையில் ஒரு வாசலில் சந்தேகத்துக்குரியவளாகவும், மறுவாரம் இன்னொரு வாசலில் நம்பத் தகுந்தவளாகவும் இருக்க வேண்டியதாயிற்று!

இரண்டையும் சேர்ப்பது என்றால் மேஜைகளைச் சேர்ப்பது மட்டுமல்ல. மனிதரைப் பார்க்கும் பார்வையையும் சேர்க்க வேண்டும். என் மனம் இரண்டாவது பக்கமே சாய்கிறது. ஆயினும் முழுக்கச் சாய முடியவில்லை. காசநோய் காற்றில் வருவது. என் உயிர் என் பொறுப்பு என்று சொல்லலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மூச்சுக்கும் நான் பொறுப்பாளி ஆகிறேனே!

கயெலிச்சாவில் 2003-ல் ஒரு முயற்சி நடந்தது. 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' சங்கமும் உள்ளூர் சுகாதாரத் துறையும் சேர்ந்து, இரண்டு நோய்க்கும் ஒரே நிலையத்தில் வைத்தியம் செய்ய முற்பட்டார்கள். அந்த நிலையத்துக்கு உபுண்டு என்று பெயர். பிறர் இருப்பதால்தான் நான் மனிதனாக இருக்கிறேன் என்ற கருத்தைச் சொல்லும் ஆப்பிரிக்கச் சொல் அது. பெயர் வைத்தவர் யாரோ, கைகுலுக்க வேண்டும்.

ஆனாலும் டாக்டர்களுக்கு ஒரு நியாயமான பயம் இருந்தது. இரண்டு மருந்தையும் ஒன்றாக ஆரம்பித்தால் தினமும் கைநிறைய மாத்திரை; மருந்துகளின் மோதல்; அடங்கிக் கிடந்த எதிர்ப்புச் சக்தி திடீரென்று விழித்துக்கொண்டு கிருமியோடு போரிடும்போது ஜுரமும் வீக்கமும். 'காசத்தை முடித்துவிட்டு அதைப் பார்ப்போம்' என்று தள்ளிப்போட்டார்கள். ஜாக்கிரதை என்ற பெயரில் செய்தது அது. டர்பன் நகரில் ஸலீம் அப்துல் கரீமும் அவர் குழுவினரும் 642 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். காச வைத்தியம் நடக்கும்போதே எச்.ஐ.வி. மருந்தையும் தொடங்கினால், காத்திருப்பதைவிட மரணம் 56 சதவீதம் குறைந்தது. 2008-லேயே, காத்திருந்த பிரிவினரை மேலும் காக்க வைப்பது தகாது என்று சோதனையின் அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். 2010-ல் முடிவு அச்சேறியது. காத்திருப்பதும் ஒரு செயல்தான், அதற்கும் பலன் உண்டு என்பதை இத்தனை தெளிவாக ஒரு சோதனைச்சாலை சொல்லி நான் படித்ததில்லை.

அதற்கு முன்பே, 2004-ல் பாங்காக் மகாநாட்டில் நெல்ஸன் மண்டேலா எழுந்து நின்று, காசநோயை எதிர்க்காமல் எய்ட்ஸை வெல்ல முடியாது என்று சொன்னார். சிறையில் இருந்தபோது, 1988-ல், தாமே காசநோய் கண்டு குணமானவர் அவர். வின்ஸ்டன் ஸூலுவும் அங்கே இருந்தார். சில மாதங்கள் கழித்து, 2005 ஜனவரியில், தம் மகன் எய்ட்ஸால் இறந்ததை மறைக்காமல் ஊருக்குச் சொன்னார் மண்டேலா. 2009 டிசம்பர் முதல் தேதி, இரண்டு நோய்க்கும் ஒரே கூரையின்கீழ் வைத்தியம் என்று தென்னாப்பிரிக்க சர்க்கார் அறிவித்தது.

ஒரே கூரை! நல்ல சொல்தான். ஆனால் ஒரே கூரை என்றால் ஒரே காற்று. க்வாஸூலு நட்டாலில் டுகேலா பெர்ரி என்ற கிராமப்புற ஊரின் ஆஸ்பத்திரியில், ஏறக்குறைய எந்த மருந்துக்கும் அடங்காத காசநோய் 53 பேரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. 52 பேர் இறந்து போனார்கள். சளி எடுத்த நாளிலிருந்து பாதிப்பேர் 16 நாட்கள்கூடத் தாங்கவில்லை. எச்.ஐ.வி. சோதனை செய்யப்பட்ட 44 பேருக்கும் அது இருந்தது. 2006-ல் இது வெளியானபோது உலகமே திடுக்கிட்டது. அவர்களில் பலர் சமீபத்தில் ஆஸ்பத்திரியில் தங்கிச் சென்றவர்கள். அங்கேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியிருக்க வேண்டும் என்று கண்டார்கள்.

ஒருங்கிணைப்பை எதிர்ப்பவர்கள் இதைக் காட்டுவார்கள். காட்டட்டும். நான் அந்த 52 பேரைத் தாண்டிக்கொண்டு வாதம் பண்ண மாட்டேன். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களையும் இருமுகிறவர்களையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது சேவையாகாது. ஆனால் சுவரை மறுபடி கட்டினால் மட்டும் இருமல் எச்.ஐ.வி. வரிசைக்கு வராமல் இருந்துவிடுமா? இருமுகிறவரை வாசலிலேயே கண்டு, முதலில் பார்த்து அனுப்ப வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் கிருமியைக் காட்டும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியை 2010-ல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஜன்னல்! பெரு நாட்டின் லிமா நகரில் அளந்து பார்த்தார்கள். 1950-க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் அகன்ற ஜன்னலும் உள்ள பழைய வார்டுகளில், நவீனக் கட்டடங்களைவிடக் காற்று நன்றாக மாறுகிறது என்று 2007-ல் எழுதினார்கள். ஜன்னலைத் திறக்கச் செலவில்லை. குளிர் காலத்திலும் திறந்து வைக்கத்தான் மனம் வேண்டும்.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. ஒரே வாசல் என்றால், வெறும் காசநோய்க்காரனையும் ஊர் வேறு விதமாகப் பார்க்கும் என்பது. உண்மைதான். ஆனால் தனி வாசல் இருந்தபோது மட்டும் யார் யாரைக் காப்பாற்றியது? அந்தத் தனி வாசலில் நிற்பதைத்தான் ஊர் தூரத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. எல்லாரும் நுழையும் கதவில் இவள் எதற்காக நுழைகிறாள் என்று கண்டுபிடிப்பது கடினம்.

இதையெல்லாம் சொன்னபோது என் நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் பிரச்னை தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்" என்றார்.

தீரவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. 2003-லிருந்து ஆப்பிரிக்காவின் எச்.ஐ.வி. வைத்தியத்துக்குப் பெரும் பணம் அந்த வழியாக வந்துகொண்டிருந்தது. மருந்து வாங்கும் செலவில் பெரும்பங்கைத் தென்னாப்பிரிக்கா தானே ஏற்றிருந்ததால், அங்கே மாத்திரை உடனே நின்றுவிடவில்லை. நின்றது வேறு. சில நிலையங்கள் மூடப்பட்டன. மூடாத இடங்களில் வேலை இழந்தவர்களில் டாக்டர் அல்லாத, நர்ஸும் அல்லாத சின்னச் சம்பளக்காரர்கள் ஏராளம்: ஆலோசனை சொல்கிறவர்கள், சீட்டை இந்த அறையிலிருந்து அந்த அறைக்குக் கையோடு கொண்டு போகிறவர்கள், வராதவர்களின் வீட்டுக்கு நடந்து போய்க் கதவைத் தட்டுகிறவர்கள்.

என் கதையில் அந்தப் பெண் மூன்றாவது நாள் வராமல் குடிசையில் கிடந்தாளே, அவள் கதவைத் தட்டியிருக்க வேண்டியவர்கள் இவர்கள்தாம்.