பழைய பாஸ்

கால்பந்து ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் அடுத்த மேட்ச்சைப் பற்றிப் பேசுவார்கள் என்றுதான் நினைப்போம். அதெல்லாம் பத்து நிமிஷம். அப்புறம் பேச்சு தானாகவே பின்னால் நழுவிவிடும். அதுவும் லிவர்பூல் மாதிரி ஊரில், ஆன்ஃபீல்ட் மைதானத்தின் பழைய ஆசாமிகள் என்றால் கேட்கவே வேண்டாம். ‘ஷாங்க்லி இருந்தப்போ...’ என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். ‘செயின்ட் எட்டியன் மேட்ச் அன்னிக்கு நான் கோப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன்’ என்று இன்னொருத்தர் சேர்ந்துகொள்வார்.

அந்த மேட்ச் நடந்தது 1977 மார்ச் 16-ல். பிரெஞ்சு டீமுக்கு எதிராக இன்னும் ஒரு கோல் வேண்டும், நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. டேவிட் ஃபேர்க்ளஃப் என்ற இருபது வயசுப் பையனை மாற்று ஆட்டக்காரராக இறக்கினார்கள். அவன் ஓடிப் போய் கோல் போட்டான். அன்று மைதானத்தில் இருந்தவர்கள் ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேர். ‘நான் நேரில் பார்த்தேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் அதைப்போல் பல மடங்கு தேறும். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேட்டுக் கேட்டு, தானும் பார்த்ததாகவே ஆகிப்போன ஞாபகம் அது.

என் கேள்வி வேறு. பழசை நினைத்துப் பேசுவதில் நியாயம், அநியாயம் என்று ஒன்று உண்டா? யாரை நினைப்பது, யாரை மறப்பது என்பதில் நமக்குக் கடமை ஏதாவது இருக்கிறதா? அல்லது ஞாபகமும் காதல் மாதிரிதானா? யார் மேல் வருகிறதோ வரட்டும், கேள்வி கேட்காதே என்று விட்டுவிடலாமா?

பில் ஷாங்க்லி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் கிளென்பக் என்ற நிலக்கரிச் சுரங்க கிராமத்தில் பிறந்தவர். அண்ணன் தம்பி ஐந்து பேர், ஐந்து பேருமே தொழில்முறை ஆட்டக்காரர்கள். சின்ன வயசில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1959 டிசம்பரில் லிவர்பூலுக்கு மேனேஜராக வந்தபோது கிளப் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 1962-ல் மேலே ஏற்றினார். 1964, 1966, 1973 என்று மூன்று முறை லீக் பட்டம். எஃப்.ஏ. கோப்பை இரண்டு முறை. யூஃபா கோப்பை ஒரு முறை. பதினாலரை வருஷத்தில் இவ்வளவு.

இப்போது பாப் பெய்ஸ்லி. ஷாங்க்லிக்கு உதவியாளராக இருந்து, அவருக்கு அடுத்து 1974-ல் மேனேஜர் ஆனவர். ஒன்பது சீஸன்தான் இருந்தார். ஆறு லீக் பட்டம். ஐரோப்பியக் கோப்பை மூன்று முறை: 1977, 1978, 1981. ஷாங்க்லி கடைசிவரை தொட முடியாத கோப்பை அது.

கணக்குப்படி பார்த்தால் யாருக்கு முதலில் சிலை வைத்திருக்க வேண்டும்? ஷாங்க்லிக்கு 1997-ல் வைத்தார்கள். பெய்ஸ்லிக்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் இருபத்திரண்டு வருஷம்!

இது அநியாயம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. அப்புறம் யோசித்தால் அப்படி இல்லை. ரசிகன் ஞாபகம் வைத்திருப்பது கோப்பைகளை அல்ல, தன்னை ஒருத்தர் எப்படி நடத்தினார் என்பதை. ஷாங்க்லி ரசிகர்களின் கடிதங்களுக்குத் தானே டைப்ரைட்டரில் உட்கார்ந்து பதில் தட்டுவார். 1973-ல் லீக் ஜெயித்த அன்று மைதானத்தைச் சுற்றி வரும்போது யாரோ அவரை நோக்கி ஒரு ஸ்கார்ஃபை வீசினார்கள். ஒரு போலீஸ்காரர் அதை ஓரமாகத் தள்ளிவிட, ஷாங்க்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. குனிந்து எடுத்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ‘உமக்கு இது துணி, அந்தப் பையனுக்கு இதுதான் உயிர்’ என்கிற அர்த்தத்தில் போலீஸ்காரரைக் கடிந்துகொண்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு சனிக்கிழமை மேட்ச் பார்க்க வருகிற ஒருவனுக்கு, தன்னையும் மதிக்க ஒரு ஆள் இருக்கிறான் என்பது சின்ன விஷயமா? கோப்பை அலமாரியில் இருக்கும். இது உள்ளே இருக்கும்.

ஆக, கோப்பைக் கணக்கில் பின்தங்கியவரை ஞாபகம் முன்னால் நிறுத்தியதில் ஒரு நியாயம் இருக்கிறது, சரி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை.

1974 ஜூலையில் ஷாங்க்லி திடீரென்று ராஜினாமா செய்தார். வயசு அறுபது. ஊரே நம்பவில்லை. ராஜினாமா செய்தவருக்கு அதற்கப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. வேறு பொழுதுபோக்கு கிடையாது, வேறு உலகம் கிடையாது. காலையில் எழுந்து, பழக்க தோஷத்தில் மெல்வுட் பயிற்சி மைதானத்துக்கே போய்விட்டார். டிரெஸ் மாற்றிக்கொண்டு ஆட்டக்காரர்களோடு ஓடினார். பையன்கள் சந்தோஷமாக ‘குட்மார்னிங் பாஸ்’ என்றார்கள். பக்கத்தில் நின்ற புது மேனேஜர் பெய்ஸ்லியை ‘ஹலோ பாப்’ என்றார்கள்.

ரிட்டயரான ஆபீஸர் வாரம் ஒருமுறை ஆபீஸுக்கு வந்து, பழைய நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ‘அந்த ஃபைல் என்னப்பா ஆச்சு?’ என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் தடவை காபி வரும். மூன்றாவது தடவை எல்லோரும் பிஸியாகிவிடுவார்கள்.

அதேதான். இனி வராமல் இருந்தால் நல்லது என்பது ஷாங்க்லிக்கு உணர்த்தப்பட்டது. அவருக்கு அது ஆறாத காயம். அவர் வீடோ, ஊரின் எதிரி டீமான எவர்ட்டனின் பயிற்சி மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே போனால் வரவேற்றார்கள், டீ கொடுத்தார்கள். லிவர்பூலைவிட எவர்ட்டன் தன்னை அன்பாக நடத்தியது என்று 1976-ல் வந்த சுயசரிதையில் வெளிப்படையாகவே எழுதினார். 1981 செப்டம்பரில் மாரடைப்பில் இறந்தார். அடுத்த வருஷம் மைதானத்து வாசலுக்கு ‘ஷாங்க்லி கேட்’ என்று பேர் வைத்தார்கள்.

உயிரோடு இருந்தபோது உள்ளே வந்தால் சங்கடம். இறந்தபின் வாசலுக்கே அவர் பேர். கோபம் வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. நன்றியறிதலுக்கு வள்ளுவர் தனியாக ஒரு அதிகாரமே ஒதுக்கினாரே, இவர்களுக்கு யாராவது சொல்லக் கூடாதா என்று நினைத்தேன்.

ஆனால் கொஞ்சம் பெய்ஸ்லியின் இடத்தில் நின்று பாருங்கள். அவர் கேட்டு வாங்கிய பதவி இல்லை அது. தயங்கித் தயங்கித்தான் ஏற்றுக்கொண்டார். மேடைப்பேச்சு வராது. பெரிய மனுஷ தோரணையும் கிடையாது. 1950-ல் எஃப்.ஏ. கோப்பை செமி ஃபைனலில் கோல் போட்டும் ஃபைனலில் டீமை விட்டு நீக்கப்பட்டவர். அந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு அதே கிளப்பில் மஸாஜ், பயிற்சி, எடுபிடி எல்லாம் செய்து மேலே வந்தவர். அவரை ‘பாப்’ என்றும் பழையவரை ‘பாஸ்’ என்றும் கூப்பிடுகிற பையன்களிடம் அவர் எப்படி வேலை வாங்குவது? ஷாங்க்லிக்குக் காட்டுகிற நன்றி, பெய்ஸ்லிக்குச் செய்கிற துரோகமாக ஆகிறது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நல்லவனாக இருக்க முடியாத இடங்கள் வாழ்க்கையில் உண்டு. இது அதில் ஒன்று.

அதனால் மெல்வுட்டின் கதவை மூடியதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் உலகத்தில் அந்த ஒரு கதவுதானா இருந்தது? ஒரு டைரக்டர் பதவி, ஞாயிற்றுக்கிழமை ஒரு சாப்பாடு, மேட்ச்சுக்கு முன்னால் ஒரு போன்? பயிற்சி மைதானத்துக்கு வெளியே செய்வதற்கு எவ்வளவோ இருந்தது. அது கிடைத்திருந்தால் அப்படி ஒரு வரியை அவர் எழுதியிருப்பாரா? வேலையைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதும், ஆளையே மறந்துவிடலாம் என்பதும் ஒன்றல்ல. நாம் எல்லோருமே இந்த இரண்டையும் வசதியாகக் குழப்பிக்கொள்கிறோம்.

ரசிகர்களின் ஞாபகத்துக்கு இன்னொரு முகம் உண்டு. மைக்கேல் ஓவன் லிவர்பூலுக்காக 158 கோல் போட்டவர். 2001 எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் ஆர்சனலிடம் தோற்றுக்கொண்டிருந்த டீமை, கடைசிப் பத்து நிமிஷத்தில் இரண்டு கோல் போட்டுத் தூக்கி நிறுத்தினார். 2004-ல் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார், போகட்டும். 2009-ல் பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்தார். அவ்வளவுதான். பழைய கதை பேசும்போது பலர் அவர் பெயரைத் தாண்டிப் போய்விடுவார்கள். பின்னால் செய்தது முன்னால் செய்ததை அழித்துவிடுமா? அந்த இரண்டு கோலின்போது அழுதவர்களின் கண்ணீர் பொய்யாகிவிடுமா? இதில் ரசிகர்கள் பக்கம் எனக்கு வாதாட வரவில்லை.

ஆட்டத்தில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிடலாம். விட முடியாத ஒன்று இருக்கிறது.

பெய்ஸ்லிக்கு அடுத்து வந்தவர் ஜோ ஃபேகன். 1984-ல் ஒரே சீஸனில் லீக், லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் வாங்கிக் கொடுத்தார். அறுபத்து நாலு வயசில், அடுத்த ஐரோப்பிய ஃபைனலோடு விலகுவது என்று முடிவெடுத்திருந்தார். அந்த ஃபைனல் 1985 மே 29-ம் தேதி, பிரஸ்ஸல்ஸில், ஹெய்சல் மைதானத்தில், இத்தாலியின் யுவென்டஸுடன். ஆட்டம் தொடங்குவதற்கு முன் லிவர்பூல் ரசிகர்களில் ஒரு கூட்டம் பக்கத்துப் பகுதியின் மேல் பாய்ந்தது. அங்கே இருந்தவர்கள் பயந்து ஓடி நெருக்கியடித்தார்கள், சுவர் இடிந்தது. 39 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இத்தாலியர்கள். இத்தனைக்கும் பிறகு ஆட்டத்தை நடத்தினார்கள், அது வேறு விஷயம். மறுநாள் ஊர் திரும்பியபோது ஃபேகன் விமானத்திலிருந்து அழுதபடி, தாங்கிப் பிடிக்கப்பட்டு நடந்து வரும் போட்டோ இருக்கிறது. வாழ்நாள் உழைப்பின் கடைசி நாள் அப்படி முடிந்தது. 2001-ல் இறந்தார். ஷாங்க்லி, பெய்ஸ்லி என்று அடுக்குகிறவர்கள் ஃபேகனில் வந்து ஒரு நொடி தயங்குவார்கள். அவரை நினைத்தால் கூடவே அந்த மைதானமும் வருமே!

நாலு வருஷம் கழித்து, 1989 ஏப்ரல் 15-ல் ஹில்ஸ்பரோ. இம்முறை நசுங்கியது லிவர்பூல் ரசிகர்கள். காயங்களால் பல வருஷம் கழித்து இறந்தவர்களையும் சேர்த்து இன்றைய கணக்கு 97 பேர். போலீஸ் பழியை ரசிகர்கள் மேல் போட்டது, பத்திரிகையும் எழுதியது. அந்த ஊர் விடவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மாக்களும் அப்பாக்களும் இருபத்தேழு வருஷம் போராடினார்கள். 2016-ல் விசாரணை ஜூரி, இது சட்டவிரோதமான சாவுதான், ரசிகர்கள் மேல் தப்பே இல்லை என்று சொன்னது. பழசை மறக்க மாட்டேன் என்ற பிடிவாதத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் விளையாட்டு உலகத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. ஞாபகம் வைத்திருப்பது ஒரு கடமை என்று அந்த ஊர் நமக்கெல்லாம் காட்டியது.

அதே ஊர், அந்த 39 பேரையும் அதே பிடிவாதத்தோடு நினைத்ததா?

இதைக் கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஹில்ஸ்பரோவில் குழந்தையை இழந்தவரிடம் ஹெய்சலைப் பற்றிக் கேட்பது அநாகரிகம். அந்த அம்மாவுக்கும் ஹெய்சலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ‘ஐரோப்பியக் கோப்பையை நாம ஜெயிச்சோம்’ என்று சொல்கிற ரசிகனிடம் கேட்கலாம். 1977-ல் அவன் பிறந்தேகூட இருக்க மாட்டான். ஆனாலும் ‘நாம’ என்கிறான். அந்த ‘நாம’ ரோம் நகரத்து வெற்றிக்குச் செல்லுபடியாகும், பிரஸ்ஸல்ஸுக்குச் செல்லாது என்றால் எப்படி? சொத்தில் பங்கு கேட்கிறவன் கடனிலும் பங்கு எடுத்துக்கொள்ள வேண்டாமா?

2005-ல் இரண்டு டீம்களும் மறுபடி மோதின. ஆன்ஃபீல்டில் ரசிகர்கள் அட்டைகளைத் தூக்கிப் பிடித்து, இத்தாலிய மொழியில் ‘நட்பு’ என்று எழுதிக் காட்டினார்கள். வந்திருந்த யுவென்டஸ் ரசிகர்களில் பலர் கை தட்டினார்கள். சிலர் மட்டும் திரும்பி நின்று முதுகைக் காட்டினார்கள். அன்று அது மரியாதைக்குறைவு என்று சிலருக்குப் பட்டது. எனக்கு என்னவோ அந்த முதுகுகள் மேல் வருத்தம் வரவில்லை. மன்னிப்புக் கேட்பது இவர்கள் வேலை. எப்போது ஏற்பது என்பது அவர்கள் இஷ்டம். 2010-ல் ஆன்ஃபீல்டில் ஹெய்சலுக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். இருபத்தைந்து வருஷம் ஆனது அதற்கு.

பெய்ஸ்லியைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. 1944-ல் போர் வீரராக ரோமுக்குள் நுழைந்தவர், 1977-ல் முதல் ஐரோப்பியக் கோப்பையை வாங்க அதே ரோமுக்குப் போனார். ஜெயித்த இரவு டீமே குடித்துக் கூத்தடிக்க, அவர் மட்டும் ஒரு சொட்டும் தொடவில்லை. அந்த இரவின் ஒவ்வொரு நிமிஷத்தையும் முழுசாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். கடைசிக் காலத்தில் அவருக்கு அல்ஸைமர் வந்தது. 1996 பிப்ரவரியில் இறந்தார்.

2020-ல் அவருக்கு வைத்த சிலையில் அவர் கையில் கோப்பை இல்லை. முழங்காலில் அடிபட்ட எம்லின் ஹியூஸ் என்ற ஆட்டக்காரரை முதுகில் சுமந்து வெளியே கொண்டு போகிறார். 1968-ல் ஒரு மேட்ச்சில் எடுத்த போட்டோவை வைத்துச் செய்தது. அப்போது அவர் மேனேஜர்கூட இல்லை. பாஸ் ஷாங்க்லிதான்.