நடக்க முடிந்தவர் அமரலாமா?

அறவே நடக்க இயலாதவர் சக்கர நாற்காலியில் அமர்வதைப் பற்றி எவரும் ஐயம் எழுப்புவதில்லை. ஐயம் எழுவது இடைநிலையில் இருப்போரைக் குறித்தே. வீட்டுக்குள்ளும் தெருமுனைக் கடைவரையிலும் நடந்துவிடக்கூடிய ஒருவர், மூட்டுவாதத்தாலோ இதயத் தளர்ச்சியாலோ நரம்பு நோயாலோ முதுமையாலோ நாள் முழுவதும் நடக்கும் வலிமையை இழந்திருக்கலாம். அத்தகையவர் பேட்டரியில் ஓடும் மொபிலிட்டி ஸ்கூட்டரில் முதன்முதலாக ஏறி அமரும்போது, அது தன் நிலையை உள்ளபடி ஏற்கும் நேர்மையா, முயற்சியைக் கைவிடும் தளர்ச்சியா, அல்லது முற்றிலும் முடியாதவர்க்கு உரியதைத் தான் எடுத்துக்கொள்ளும் தவறா என்ற வினா அவர் உள்ளத்திலும் அவரைக் காண்போர் உள்ளத்திலும் எழுகிறது. மருத்துவமனையிலோ அரசு அலுவலகத்திலோ இவ்வினா அவ்வளவாகத் தலைதூக்குவதில்லை, ஏனெனில் அங்கே செல்வது தவிர்க்க முடியாதது. மகிழ்ச்சி ஒன்றையே நோக்கமாகக் கொண்டு செல்லும் தீம் பார்க்கில்தான் அது கூர்மை பெறுகிறது.

ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகருக்கு அருகே 1971 அக்டோபரில் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்குள்ள நான்கு முதன்மைப் பூங்காக்களுள் 1982இல் திறக்கப்பட்ட எப்காட்டில், பல நாடுகளின் அரங்குகள் சூழ்ந்த ஏரியை ஒருமுறை சுற்றிவருவதற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடக்கவேண்டும். வாகன நிறுத்தத்திலிருந்து வாயில்வரை உள்ள தொலைவும், வரிசைகளில் நிற்கும் நேரமும், அந்த ஊர் வெயிலும் இதனோடு சேர்கின்றன. பூங்காவுக்குள்ளேயே ஸ்கூட்டர்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. 18 வயது நிரம்பியவர்கள் ஓட்டலாம். இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் கைப்பிடியின் ஒருபுற விசையை அழுத்தினால் வண்டி முன்னே செல்லும், மறுபுற விசையை அழுத்தினால் பின்னே வரும், கையை எடுத்துவிட்டால் தானாக நின்றுவிடும். இக்கருவி உருவான வரலாறும் மேற்கூறிய இடைநிலையோடு தொடர்புடையதே. 1968இல் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஆலன் தீம் என்பவர், மல்ட்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், அதாவது நரம்பிழைகளின் மேலுறை சிதைந்து நடமாட்டம் குறைந்துவரும் நோய், கண்ட தம் குடும்பத்தவர் ஒருவருக்காக இதனை வடிவமைத்து அமிகோ என்று பெயரிட்டார். ஓட்டக் கற்றுக்கொள்வதற்குச் சில நிமிடங்கள் போதும் என்றாலும், அதில் ஏறி அமர ஒப்புவதற்குப் பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிவிடுகிறது.

அந்தத் தயக்கத்தின் காரணம் கருவியில் இல்லை. அமர்ந்திருப்பவரை மற்றவர்கள் காணும் முறையில் இருக்கிறது. போலியோவாலும் பின்னர் நேர்ந்த விபத்தாலும் கால்கள் பாதிக்கப்பட்டு, உலோகத் தாங்கிகளின் துணையோடும் கைத்தடியோடும் நடந்துவந்த அமெரிக்கச் சமூகவியலாளர் இர்விங் ஸோலா, நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் உடற்குறையுடையோருக்கென அமைக்கப்பட்ட ஹெட் டார்ப் என்னும் குடியிருப்பில் 1972இல் தங்கியபோது, அங்குள்ளோரைப் போலவே சக்கர நாற்காலியில் இருந்து வாழ முடிவு செய்தார். அவர் அமர்ந்த உடனேயே, பல மாதங்களாக அவரை அறிந்திருந்த நண்பரே அவருடைய அனுமதியைக் கேளாமல் அவருக்காக எல்லாவற்றையும் செய்யத் தொடங்கிவிட்டார். பொருள்களைத் தூக்கவும் எட்டி எடுக்கவும் சற்றுமுன்புவரை வல்லவராக இருந்தவர், உடலில் எந்த மாற்றமும் இன்றி, நண்பரின் பார்வையில் எதற்கும் இயலாதவராகிவிட்டார். தீம் பார்க்கில் முதன்முதலாக ஸ்கூட்டரில் அமர்பவரும் இதையே எதிர்கொள்கிறார்: கண்கள் கூட்டத்தாரின் இடுப்பளவுக்கு இறங்கிவிடுகின்றன, கைப்பேசியைப் பார்த்தபடி நடப்போர் அவர் இருப்பதை அறியாமலே குறுக்கே வருகின்றனர், அவரிடம் கேட்கவேண்டியதைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கின்றனர். ஆயினும் ஸோலா எழுதியவற்றுள் இவ்விடத்திற்கு இன்னும் பொருத்தமானது வேறொன்று. விமான நிலையங்களின் நெடுந்தொலைவைப் பல்லாண்டுகள் நடந்தே கடந்து, ஒவ்வொரு முறையும் வியர்த்து, களைத்து, தசைகள் இறுகிப்போய்ச் சேர்ந்த அவர், அதனைத் தம் வாழ்வின் இயல்பான விதி என்றே எண்ணியிருந்தார். பிற்காலத்தில் வெட்கமின்றிச் சக்கர நாற்காலியைக் கேட்டுப் பெறத் தொடங்கிய பிறகுதான், அத்துன்பம் தேவையற்றதாக இருந்தது என்பதை உணர்ந்தார். நடந்து காட்டுவதே சுதந்திரம் என்று எண்ணியவர், சென்று சேர்ந்த இடத்தில் எதையும் செய்யும் தெம்பு எஞ்சியிருப்பதையே சுதந்திரமாகக் கருதும் நிலைக்கு வந்தார்.

பிறரையோ பிறிதொன்றையோ சாராமல் நிற்பதே மேன்மை என்னும் கருத்துக்கு மேலைத் தத்துவத்தில் ஆழமான வேர் உண்டு. அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் நான்காம் பகுதியில் வரைந்து காட்டும் பெருமித மனிதர், அதாவது தம் தகுதியை முழுதும் அறிந்து அதற்கேற்ப வாழ்பவர், பிறருக்கு நன்மை செய்வதில் மகிழ்ந்து, பிறரிடம் நன்மை பெற நாணுபவராக இருக்கிறார். தாம் கொடுத்ததை நினைவில் வைத்துப் பெற்றதை மறப்பவராகவும் இருக்கிறார். தத்துவவாதி அலஸ்டேர் மெக்கின்டயர் 1999இல் வெளியிட்ட, மனிதர்களைப் பிறரைச் சார்ந்து வாழும் பகுத்தறிவு உயிர்களாகக் காணும் நூலில், அரிஸ்டாட்டிலை மிகவும் மதிப்பவராக இருந்தும் இவ்விடத்தில் அவரை மறுக்கிறார். குழந்தைமையில் தொடங்கி முதுமையில் முடியும் எந்த மனித வாழ்வும் பிறர் தாங்கலின்றி நடப்பதில்லை என்பதால், கொடுப்பதற்கு அறங்கள் இருப்பதைப் போலவே பெறுவதற்கும் அறங்கள் உண்டு என்பது அவர் வாதம்: நன்றியைச் சுமையாகக் கருதாமல் பெறுதல், நயமின்றிக் கொடுப்பவரிடமும் பண்போடு பெறுதல், எல்லாவற்றுக்கும் அடிப்படையாகத் தன் சார்பை மறைக்காமல் உண்மையாக ஒப்புக்கொள்ளுதல். இவ்வரிசையில் கடைசியாக வருவதே ஸ்கூட்டரில் அமரத் தயங்குபவருக்கு மிகக் கடினமானது. ஏனெனில் அவர் அதுவரை தம் வலியை முகத்தில் காட்டாமல் மறைப்பதையே கண்ணியம் என்று பழகியிருக்கிறார், அந்த மறைப்பும் ஒருவகைப் பொய்யாகலாம் என்று அவருக்கு எவரும் சொல்லியதில்லை.

சமய மரபுகள் இதனைத் தத்துவவாதிகளைவிட நுட்பமாகவே ஆராய்ந்துள்ளன. 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடீஸ், யூதச் சட்டங்களை முறைப்படுத்திய தம் மிஷ்னே தோரா என்னும் பெருநூலில், ஏழைகளுக்கான கொடைகளைப் பற்றிய பகுதியை முடிக்கும்போது மூவகை மனிதரைக் காட்டுகிறார். தேவையில்லாமல் பிறரை ஏமாற்றிக் கொடை பெறுபவர் உண்மையிலேயே பிறரைச் சார்ந்து வாழவேண்டிய நிலையை அடையாமல் முதுமையில் இறக்கமாட்டார் என்று எச்சரிப்பது முதலாவது. முதியவராகவோ நோயாளியாகவோ இருந்து, பெறாமல் வாழ இயலாத நிலையிலும் செருக்கினால் பெற மறுப்பவர் இரத்தம் சிந்தியவருக்கு ஒப்பானவர், அவருடைய துன்பத்தால் அவருக்குப் பாவமே மிஞ்சும் என்று கடிவது இரண்டாவது. தேவை இருந்தும், சமூகத்துக்குச் சுமையாகாதிருக்கவேண்டும் என்பதற்காகத் துன்பத்தைப் பொறுத்துக்கொள்பவரைப் புகழ்வது மூன்றாவது. முதல் இரண்டையும் மட்டும் படித்தால் விடை எளிதாகிவிடும். மூன்றாவதுதான் உண்மையான ஆய்வைக் கோருகிறது. மறுப்பவர் இருவருமே துன்பத்தை ஏற்கின்றனர், இருவருமே கையேந்தாமல் இருக்கின்றனர். எனினும் ஒருவர் பழிக்கப்படுகிறார், மற்றவர் போற்றப்படுகிறார். வேறுபாடு எண்ணத்தில் மட்டுமன்றி விளைவிலும் உள்ளது: போற்றப்படுபவரின் மறுப்பால் பிறருடைய சுமை உண்மையாகவே குறைகிறது.

இந்த அளவுகோலைத் தீம் பார்க்கில் வைத்துப் பார்த்தால், ஸ்கூட்டரை மறுப்பவர் பெரும்பாலும் மூன்றாம் வகையைச் சேர்வதில்லை என்பது தெளிவாகும். அவர் நடக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே உடன்வந்தோர் தம் நடையைக் குறைக்கின்றனர், நிழலும் இருக்கையும் தேடுகின்றனர், அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அடுத்த இடத்தைத் தேர்கின்றனர். நண்பகலில் அவர் ஓர் இருக்கையில் அமர்ந்து, நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறார். தியாகமாகத் தோன்றும் அச்சொல், அவரோடு சேர்ந்து மகிழவேண்டும் என்பதற்காகவே வந்த பேரக்குழந்தைகளிடமிருந்து அவரைப் பறித்துவிடுகிறது. சுமையாகாதிருக்கவேண்டும் என்ற நோக்கமே அவரைச் சுமையாக்குகிறது. ஒரேயொரு சூழலில் மட்டும் மூன்றாம் வகை உயிர்பெறும்: எஞ்சியிருப்பது ஒரே வண்டியாக இருந்து, பின்னால் நிற்பவர் தம்மைவிட இயலாதவர் என்று தெரியவந்தால், அதனை விட்டுக்கொடுப்பது உயர்ந்த செயலே.

இஸ்லாமிய மரபில் இவ்வினாவுக்கு ருக்ஸத் என்னும் கருத்து விடையளிக்கிறது. நோய், பயணம் முதலிய காரணங்களால் கடமையின் கடுமையை இறைவனே தளர்த்தி அளிக்கும் சலுகையை அச்சொல் குறிக்கும். நோயாளி நோன்பை வேறு நாள்களுக்குத் தள்ளிவைப்பதும், நிற்க முடியாதவர் அமர்ந்து தொழுவதும் இதன்பாற்படும். தன் சலுகைகள் ஏற்றுக்கொள்ளப்படுவதை இறைவன் விரும்புகிறான் என்னும் கருத்துடைய நபிமொழி உண்டு என்பதால், தகுதியுடையவர் அதனை மறுப்பது கூடுதல் பக்தியாகிவிடாது. காபாவை ஏழுமுறை சுற்றிவரும் தவாஃப் என்னும் வழிபாட்டின்போது நோயுற்றிருந்த தம் துணைவியார் உம்மு ஸலமா அவர்களை, வாகனத்தில் அமர்ந்தபடி மக்களுக்குப் பின்னால் சுற்றிவருமாறு நபியவர்கள் பணித்த செய்தி ஹதீஸ் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. இன்று மக்காவின் பெரிய பள்ளிவாசலில் தவாஃப் செய்வதற்கு மின்சார வண்டிகள் கிடைக்கின்றன. ஆர்லாண்டோவின் வாடகை வண்டியும் மக்காவின் வண்டியும் நோக்கத்தால் ஒப்பிடத்தக்கவை அல்ல என்றாலும், உடல் தளர்ந்தவரும் சுற்றிவருவோரோடு சேர்ந்து சுற்றிவரவேண்டும் என்ற அக்கறை இரண்டிலும் ஒன்றே.

யூதரும் கிறித்தவரும் பொதுவாகப் போற்றும் விடுதலைப் பயண நூலில், அமலேக்கியருடன் நடந்த போரின்போது மோசே கைகளை உயர்த்தியிருந்தவரை இஸ்ரவேலர் வென்றனர் என்றும், அவர் கைகள் தளர்ந்தபோது ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை அதன்மேல் அமரச்செய்து, ஆரோனும் ஊர் என்பவரும் இருபுறமும் நின்று கைகளைத் தாங்கினர் என்றும் கூறப்பட்டுள்ளது. இஸ்ரவேலின் தலைவரே, அதுவும் போரின் நடுவே, அமர்ந்தவராகவும் தாங்கப்பட்டவராகவும் காட்டப்படுகிறார். நூல் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான்சி ஐஸ்லண்ட் என்னும் அமெரிக்க இறையியலாளர் 1994இல் எழுதிய நூல் இன்னும் தொலைவு செல்கிறது. உயிர்த்தெழுந்த கிறிஸ்து ஆணித் தழும்புகள் மறையாத உடலோடு சீடர்களுக்குத் தோன்றினார் என்பதிலிருந்து, காயமுற்ற உடல் இறைமைக்கு மாறானது அன்று என்ற முடிவுக்கு, பிறவியிலேயே எலும்புக் குறையோடு வாழ்ந்த அவர் வருகிறார்.

வழிபாட்டுக்கும் போருக்கும் பொருந்துவது விளையாட்டுக்கும் பொருந்துமா என்ற மறுப்பு எஞ்சுகிறது. கேளிக்கை இன்றியமையாதது அன்று, முடியாதவர் வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று சொல்வோர் உண்டு. இது கொடிய வாதம் என்றே சொல்லவேண்டும். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், தம் இறையியல் தொகுப்பில், விளையாட்டையும் நகைச்சுவையையும் உள்ளத்தின் ஓய்வாகக் கண்டு, அளவோடு மகிழ்வதை ஓர் அறமாகவே வகுத்தார். தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாக இருப்பது குற்றம் என்றும் கருதினார். துறவு வாழ்வு வாழ்ந்த ஒருவரே மகிழ்ச்சிக்கு இவ்வளவு இடம் அளித்திருக்க, உடல் தளர்ந்தவருக்கு மருந்தும் உணவும் மட்டும் போதும் என்று வரையறுப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

அமர்பவருக்குக் கடமைகளும் உண்டு. ஆளோடு சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி கூட்டத்தினுள் நகரும்போது, திடீரென நிற்கும் குழந்தையின் குதிகாலுக்கு அது ஆபத்தானது. ஆகவே வேகத்தைக் குறைத்தே வைத்திருப்பதும், பின்னே எடுக்குமுன் திரும்பிப் பார்ப்பதும், வண்டியை விளையாட்டுக்காகப் பிள்ளைகளிடம் தராதிருப்பதும் அவர் பொறுப்பு.

சட்டமும் மெல்ல இத்திசையில் நகர்ந்துள்ளது. 1990இல் இயற்றப்பட்ட அமெரிக்க உடற்குறையுடையோர் சட்டத்தின் கீழ் 2011இல் நடைமுறைக்கு வந்த விதிகள், இத்தகைய கருவியைப் பயன்படுத்துபவரிடம் அவருடைய நோயின் தன்மையையோ அளவையோ பொது இடங்களின் பணியாளர்கள் வினவக்கூடாது என்கின்றன. தசைச் சிதைவு நோயுள்ள ஒரு பெண், நின்றபடி ஓட்டும் இருசக்கர மின்கருவியைக் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் பயன்படுத்த அனுமதி கோரிய வழக்கில், ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் அளித்த தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. அது இல்லாமல் உள்ளே வரவே முடியாது என்றால்தான் தேவை என்ற வாதத்தை அந்நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்படிப் பார்த்தால், கால் செயலற்றவர் படிகளில் தவழ்ந்தே ஏறிவிடலாம் என்பதால் மின்தூக்கிகூடத் தேவையில்லை என்றாகிவிடும் எனச் சுட்டியது. பிறர் எத்தகைய அனுபவத்தைப் பெறுகிறார்களோ அதற்கு நிகரான ஒன்றை உடற்குறையுடையவரும் பெறுவதற்கு நியாயமான முயற்சிகளை எடுக்கவேண்டும் என்பதே அதன் அளவுகோல்.

சில சவாரிகளில் ஏறுவதற்கு ஸ்கூட்டரை விட்டு எழுந்து நான்கைந்து அடி நடக்கவேண்டியிருக்கும். அப்படி எழுந்து நடப்பவரைக் கண்டதும், இவருக்கு நடக்கத்தானே முடிகிறது என்று வரிசையில் நிற்போர் முணுமுணுப்பது உண்டு. நான்கடி நடக்க முடிவதற்கும் நாள் முழுவதும் நடக்க முடிவதற்கும் உள்ள இடைவெளியில்தான் இக்கருவி பிறந்தது என்பதை அவர்கள் அறியவேண்டும்; பணியாளர்கள் கேட்கக்கூடாது எனச் சட்டம் தடுத்துள்ள கேள்வியை அவர்களும் கேளாதிருக்கவேண்டும். தயங்கி நிற்பவரோ, வலி தொடங்கிய பிறகு வண்டியைத் தேடாமல் காலையில் நுழைந்தவுடனேயே பெற்றுக்கொள்வது நல்லது. வாடகை வண்டிகளுக்கு முன்பதிவு இல்லை, முதலில் வருபவருக்கே முதலில் கிடைக்கும், கூட்டமான நாள்களில் அவை தீர்ந்தும்போகலாம்.