துறைமுகமும் துடுப்பாட்ட வீரனும்

ஒருவன் எய்திய உயரம் ஒன்றே அவன் வாழ்வுக்கு அளவுகோலாகுமா?

2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் அடைத்தது. எதிர்பார்த்த வணிகக் கப்பல்கள் வரவில்லை. கப்பல் வாராத துறைமுகம் பயனிழந்தது என்பதில் தவறில்லை. அது கப்பலின் பொருட்டே கட்டப்பட்டது. ஆனால் மனிதனையும் அவ்வாறே, அவனை வந்தடைந்தவற்றைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாமா?

தமிழ்நாட்டுத் துடுப்பாட்ட வீரர் சுப்பிரமணியம் பத்ரிநாத் முதல்தரப் போட்டிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டங்களைக் குவித்தவர். ஆயினும் இந்திய அணிக்காக அவர் ஆடிய டெஸ்ட் போட்டிகள் இரண்டே. டெண்டுல்கர், திராவிட், லக்ஸ்மண் ஆகியோர் நடுவரிசையில் நிலைகொண்டிருந்த காலம் அது. 2010இல் நாக்பூரில் தென்னாபிரிக்காவுக்கு எதிரான தமது முதற் போட்டியில் அவர் 56 ஓட்டங்கள் பெற்றார். அடுத்த போட்டியுடன் அவ்வாய்ப்பு முடிந்தது. பின்னர் விதர்பா, ஐதராபாத் என அணி மாறி ஆடி, 2018இல் ஓய்வு பெற்றார்.

இதனைத் தோல்வி என்போர், உள்ளூர் ஆட்டத்தை மேலே ஏறுவதற்கான படியாக மட்டுமே கருதுகின்றனர். ரஞ்சிக் கிண்ணப் போட்டியில் பெற்ற ஒவ்வோர் ஓட்டமும் அன்றே அணிக்குப் பயன்பட்டது. பின்னர் எவரும் அழைக்காமையால் அப்பயன் இல்லாமற் போவதில்லை. துறைமுகம் கப்பலுக்காகக் காத்திருக்கின்றது. ஆட்டமோ ஆடும்பொழுதே நிறைவுறுகின்றது.

எனினும் இவ்வுண்மை, தேர்வு செய்யும் இடத்திலிருப்போருக்குக் கேடயமாகிவிடக் கூடாது. 'உழைப்பே பரிசு' என்று உழைத்தவன் தனக்குத்தானே கூறிக்கொள்வது தெளிவு. பரிசளிக்கக் கடமைப்பட்டவன் அதனைக் கூறுவது ஏய்ப்பு.