வழுவும் வழுவமைதியும்

திருகோணமலை நகரில் ஒரேயொரு கணினியை வைத்துக்கொண்டு, தட்டெழுத்தும் போட்டோக் கொப்பியும் செய்து குடும்பத்தைக் கொண்டு நடத்தும் சகோதரி ஒருவர் அண்மையில் நம்மிடம் கேட்டார்: "சுவாமி, புதிசு ஒண்டு வந்திருக்காம். போடச் சொல்லி இந்தப் பெட்டி ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருக்கு. போட்டால் பழுதாகுமோ, போடாட்டில் பழுதாகுமோ?"

கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளையே அவர் 'புதிசு' என்றார். பணிசெயல் முறைமை என்று நம் பிள்ளைகள் படிப்பது அதைத்தான். புதிய பதிப்பு ஒன்று ஆரவாரத்தோடு வெளிவருவதும், சில நாட்களிலேயே அதில் வழுக்கள் வெளிப்படுவதும், திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வதும் இன்று வழமையாகிவிட்டன. வழமையாகிவிட்டது என்பதற்காக ஒரு காரியம் நியாயமாகிவிடுமா? குறை இருக்குமென்று அறிந்தே ஒரு பொருளை மக்கள் கையில் கொடுக்கலாமா? அச்சகோதரியின் கேள்விக்குள் இந்தக் கேள்வியும் அடங்கியிருக்கிறது.

முதலில் செய்தவன் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். பைபர் படகுகள் பெருகுமுன்னர் நம் கரைகளில் மரத் தோணிகளே ஓடின. ஓடாவி எவ்வளவு கைதேர்ந்தவராயினும், புதிய மரத்தோணி முதலில் தண்ணீரில் இறங்கும்போது சற்றுக் கசியத்தான் செய்யும். பலகை ஊறிப் பருத்த பின்னரே இடுக்குகள் அடைபடும். கரையில் வைத்துக்கொண்டே அதைச் சரிசெய்ய முடியாது. தண்ணீரில் இறக்கித்தான் ஆகவேண்டும். பணிசெயல் முறைமையும் அவ்வாறானதே. கோடிக்கணக்கான வரிகளில் எழுதப்படும் அது, எண்ணற்ற வகைக் கணினிகளில், எண்ணற்ற மனிதரின் பழக்கவழக்கங்களுக்கு ஈடுகொடுத்து ஓடவேண்டும். அத்தனையையும் எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் முன்கூட்டிப் பார்த்துவிட இயலாது. ஆகவே, குறை இருந்தது என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்குவது நீதியன்று.

நம் இலக்கணக்காரர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். வழாநிலை, வழு என்ற இரண்டோடு அவர்கள் நிற்கவில்லை. வழுவமைதி என்று மூன்றாவது ஒன்றையும் வகுத்தனர். வீட்டுப் பசுவை ஒருவர் அன்பு மேலிட்டு 'அம்மா வந்தாள்' என்று சொன்னால் அது திணை வழுதான். ஆயினும் தக்க காரணம் இருப்பதால் அமைத்துக்கொள்ளப்படும். காரணமின்றிச் சொன்னால் வெறும் வழுவே. கணினியின் வழுவுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். எது அமைத்துக்கொள்ளத்தக்கது, எது அல்ல என்பதே கேள்வி.

நடந்த ஒன்றைப் பார்ப்போம். 2018 ஒக்டோபர் 2 ஆம் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இன் புதிய பதிப்பொன்றை வெளியிட்டது. சில நாட்களுக்குள் சிலரது கடிதங்களும் படங்களும் காணாமற் போயின. ஆவணங்களையும் படங்களையும் சேமிக்கும் கோப்புறைகளை வேறிடத்துக்கு மாற்றியிருந்தவர்கள், பழைய இடத்திலும் சிலவற்றை விட்டுவைத்திருந்தால், பழைய கோப்புறையை வெறுமையானதென்று கொண்டு அப்பதிப்பு உள்ளிருந்தவற்றோடு சேர்த்து நீக்கிவிட்டது. நிறுவனம் உடனே வெளியீட்டை நிறுத்தியது. திருத்தி, நவம்பர் 13 இல் மீண்டும் வெளியிட்டது. முறைப்பாடு செய்தோர் பத்தாயிரத்தில் ஒருவரே என்றும் அது கூறியது.

பிழை நேர்ந்தது, நிறுத்தினார்கள், திருத்தினார்கள். இவ்வளவோடு முடிந்திருந்தால் இதனையும் வழுவமைதியில் சேர்த்துவிடலாம். ஆனால், வெளியீட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்னரே, முன்னோட்டப் பதிப்பைப் பரீட்சித்த தொண்டர்கள் சிலர் தங்கள் கோப்புகள் அழிந்துபோனதை நிறுவனத்துக்கு அறிவித்திருந்தனர். அங்கே முறைப்பாடுகள் மற்றப் பயனாளர் அளிக்கும் ஆதரவு வாக்குகளின் எண்ணிக்கையைக் கொண்டு மேலெழுந்தன. இவர்களுக்குக் கிடைத்த வாக்குகளோ சொற்பம். அந்தக் குரல்கள் அடியிலேயே அமிழ்ந்துபோயின.

வாசகர்களே, இங்கேதான் மனச்சாட்சி விழித்துக்கொள்ள வேண்டும். ஒரு பொத்தானின் நிறம் பிடிக்கவில்லையென்று ஆயிரம் பேர் சொல்லலாம். வாழ்நாள் உழைப்பு அழிந்ததென்று ஒருவர் மட்டும் சொல்லலாம். தலைகளை எண்ணுவதும் துன்பத்தை நிறுப்பதும் ஒன்றல்ல. பத்தாயிரத்தில் ஒருவர் என்பது கணக்குப் புத்தகத்தில் சிறிய எண். அந்த ஒருவருக்கோ இழப்பு முழுமையானது. நிறுவனமும் இதனை உணர்ந்ததுபோலும். அதன்பின், பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்பதையும் முறைப்பாட்டோடு சேர்த்துக் குறிப்பிடும் வசதியை ஏற்படுத்தியது. அந்தத் திருத்தமே எல்லாவற்றிலும் பெரிய திருத்தம் என்று நாம் கருதுகிறோம்.

அதே 2018 ஆம் ஆண்டு பெப்ரவரியில், அப்பிள் நிறுவனக் கைபேசிகளின் முறைமையில் இன்னொரு வழு வெளிப்பட்டது. தெலுங்கில் 'ஞானம்' என்ற சொல்லின் தொடக்கத்தில் வரும் கூட்டெழுத்து செய்தியாக வந்து சேர்ந்தால், அதைக் காட்ட முயன்ற செயலிகள் நிலைகுலைந்தன. பெப்ரவரி 19 இல் திருத்தம் வந்தது. எட்டுக் கோடிக்கு மேற்பட்டோர் தாய்மொழியாகப் பேசும் மொழியின் எழுத்தொன்று கருவியைச் செயலிழக்கச் செய்ததென்றால், யாருடைய மொழியை முதலில் வைத்துப் பரீட்சிக்கிறார்கள், யாருடையது கடைசியில் நிற்கிறது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? விண்டோஸ் 2000 வரும்வரை காத்திருந்த தமிழருக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று.

அப்படியானால் புதியது எதையும் தொடாதிருப்பதே புத்தியா? அதுவுமன்று. 2023 ஓகஸ்ட் 26 இல், நம் நாட்டின் அரசாங்க மின்னஞ்சல்களைத் தாங்கிய கணினித் தொகுதி கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்றுவரையான தரவுகள் மீளவில்லை. அங்கிருந்த மின்னஞ்சல் மென்பொருள் காலங்கடந்த 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. புதுப்பிக்கும் எண்ணம் இருந்தும், நிதித் தட்டுப்பாடு முதலிய காரணங்களால் அது தள்ளிப்போனது. தாக்குதலுக்கு எட்டாத தனிப் பிரதியும் அந்த மாதங்களுக்கு இருக்கவில்லை. இது பணிசெயல் முறைமை அன்று, அதன்மேல் ஓடும் மென்பொருள். ஆயினும் பாடம் ஒன்றே. வந்த திருத்தத்தை வாங்காமல் இருப்பதும் ஒரு வழுவே.

நம் துறைமுகத்துக்குள் கப்பல்களைக் கொண்டுவருவோரைக் கேட்டுப்பாருங்கள். பிரித்தானியக் கடல்வரைபடங்களுக்கு வாரந்தோறும் திருத்த அறிவித்தல் வெளியாகிறது. எந்த வரைபடத்தில், எந்த இடத்தில், எது மாறியது என்று இலக்கமிட்டு வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அதனால் வரைந்தவருக்கு இழுக்கில்லை. அவ்வெளிப்படையே அவர்மேல் நம்பிக்கையை வளர்க்கிறது. திருத்தத்தைத் தன் வரைபடத்தில் குறித்துக்கொள்ளாமல் பாறையில் மோதும் கப்பற்தலைவனோ வரைந்தவரைப் பழிசொல்லித் தப்ப முடியாது. கடமை இருபக்கத்துக்கும் உரியது.

ஆயினும் இருபக்கச் சுமையும் சமமன்று. பெரிய நிறுவனத்திடம் பொறியியலாளர் இருக்கின்றனர், பணம் இருக்கிறது. எங்கள் சகோதரியிடம் இருப்பது ஒரு கணினி. நல்ல ஓடாவி, "இது முதலில் கசியும், சில நாள் கரையோரமாக ஓட்டுங்கள்" என்று சொல்லித்தான் தோணியைக் கையளிப்பார். சொல்லாமல் ஆழ்கடலுக்கு அனுப்பிவிட்டு, "பெரும்பாலானோர் திரும்பி வந்தார்கள்தானே" என்று கணக்குக் காட்டமாட்டார். குறையை முன்கூட்டிச் சொல்லி, வலுக்குறைந்தவன் தலையில் பாரத்தை ஏற்றாமல், தனிக்குரலுக்கும் செவிகொடுத்துத் திருத்துகிறவனின் பிழை வழுவமைதி. மற்றது, எத்தனை திருத்தம் வந்தாலும், வழு.

அச்சகோதரிக்கு நாம் சொன்னது இதுதான்: "பாதுகாப்புக்காக வரும் சிறு திருத்தங்களைத் தாமதமின்றிப் போடுங்கள். முழுப் புதுப் பதிப்பென்றால் சில வாரம் பொறுத்து, மற்றவர்களுக்கு எப்படி ஓடுகிறதென்று பாருங்கள். எதைச் செய்யுமுன்னும் உங்கள் வேலைகளை வேறொன்றில் பிரதிசெய்து, கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். பழுதொன்று கண்டால், 'என் ஒருத்தியின் சொல்லை யார் கேட்கப்போகிறார்கள்' என்று இராமல், எழுதி அறிவியுங்கள்."

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தார். நாம் சிரிக்கவில்லை. 2018 இல் அந்தச் சிலர் எழுதியதை ஒருவர் நின்று வாசித்திருந்தால், எத்தனையோ வீட்டுப் படங்கள் இன்றும் இருந்திருக்கும்.